கோபம் அவனுடையது, பாவு முதலாளியுடையது

தொள்ளாயிரத்துச் சொச்சம் பக்கமுள்ள ஒரு நாவலில் ஐந்தில் ஒரு பங்கைத் தொலைத்துவிட்டு, தொலைத்ததை யாரிடமும் சொல்லாமல், அதற்குத் திரைக்கதை எழுதிக் கொடுத்தவன் நான். இப்போது தைரியமாகச் சொல்கிறேன் என்றால், ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதுதான் காரணம். சினிமாவில் ஓய்வு என்று யாரும் மாலை போட்டு வீட்டில் கொண்டுவந்து விடுவதில்லை. போன் அடிப்பது நின்றுவிடும். மூன்று மாதம் கழித்து நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

திரைக்கதை எழுத வந்திருக்கிற உங்களுக்கு இது பயன்படலாம். பயன்படாவிட்டாலும் சிரிப்பதற்கு ஆகும்.

அந்த நாவலைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. நெஞ்சின் மேல் வைத்தால் மூச்சு முட்டும். எனக்கு உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லை. அதனால் ஒரு பிளேடை எடுத்து புத்தகத்தின் முதுகை அறுத்து, ஐந்து கட்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ரப்பர் பேண்ட் போட்டேன். முதல் கட்டின் முதல் பக்கத்தில் நாவலாசிரியர் ‘அன்புடன்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அதன் மேல் வண்டு ஒன்று உட்கார்ந்ததுபோல ரப்பர் பேண்டின் முடிச்சு விழுந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாம் கட்டை முடித்துவிட்டு மூன்றாவதைத் தேடினால் நான்காவது கிடைத்தது. வீடு முழுக்கத் தேடினேன். காணவில்லை. இன்னொரு பிரதி வாங்கியிருக்கலாம். ஆனால் என்னைத் தொழிலில் சேர்த்துக்கொண்ட பெரியவர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: “நாவல்ல இருக்கறதை எடுத்து எழுதறது குமாஸ்தா வேலை. இல்லாததை வைக்கிறவன்தான் திரைக்கதைக்காரன்.” சோம்பேறிக்கு இப்படி ஒரு தத்துவம் கிடைத்தால் விடுவானா?

கணக்கும் சுலபமாகத்தான் தெரிந்தது. கதை ஆரணி சேவூரில் பட்டு நெய்யும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. இரண்டாம் கட்டின் முடிவில், மகள் தறி வரைக்கும் வந்து, பெரணமல்லூர்ப் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதாக அப்பாவிடம் சொல்லிவிடுகிறாள். நான்காம் கட்டின் தொடக்கத்தில் அப்பா மகளோடு பேசாமல் பதினொரு வருஷம் ஆகியிருக்கிறது. நடுவில் என்ன நடந்திருக்கும்? பெரிய சண்டை நடந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க நூற்றெண்பது பக்கம் படிக்க வேண்டுமா?

சண்டையை நானே எழுதினேன். தயாரிப்பாளர் இடைவேளைக்கு முன்னால் தியேட்டர் அதிர வேண்டும் என்று கேட்டிருந்தார். அதிர வைத்தேன். அப்பா ஒன்றரைப் பக்கம் கத்துகிறார். பிறகு கத்தியை எடுத்துத் தறியில் பாதி நெய்த சேலையை, பாவோடு சேர்த்து, ஒரே வீச்சில் அறுத்துப் போடுகிறார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில். அவை துள்ளித் தெறிக்கின்றன. இடைவேளை. தயாரிப்பாளர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

இயக்குநர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். அந்தப் பெண்ணுக்கு அதுதான் முதல் படம். பதினொரு வருஷம் மற்றவர்களிடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு வந்தவர். கல்லூரிக் காலத்தில் அந்த நாவலைப் படித்து, படம் எடுத்தால் இதைத்தான் எடுப்பேன் என்று இருந்தவர்.

“சார், நாவல்ல இந்த இடத்துல வேற என்னமோ வருமே” என்றார்.

“நாவல் வேற மீடியம், படம் வேற மீடியம்மா” என்றேன்.

இந்த வாக்கியத்தை நீங்களும் ஒரு நாள் சொல்வீர்கள். சொல்லும்போது உங்களை நீங்களே ஒரு முறை சந்தேகப்பட்டுக்கொள்ளுங்கள். நாவலைப் படித்துவிட்டு இதைச் சொல்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சேவூரில் ஏகாம்பரம் என்பவருடைய வீட்டில் படப்பிடிப்பு. ஐம்பது வயது நெசவாளர். அவரும் மனைவி கோமளாவும் இரண்டு மகன்களும். மகன்கள் இருவரும் சென்னையில் வேலையில் இருந்தார்கள். கூடத்தில் குழித்தறி, அதாவது நெய்கிறவர் தரையில் வெட்டிய பள்ளத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. எட்டு நாள் ஒழுங்காகப் போயிற்று. ஒன்பதாவது நாள்தான் கடைசி நாள், இடைவேளைக் காட்சிக்கென்றே வைத்த நாள். அப்பாவாக நடித்தவர் பெரிய நடிகர். அன்று மாலை ஆறு மணிக்கு இன்னொரு படத்துக்காகத் தாடியை எடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தாடி போனால் அப்பா போனார். அது மறுபடி வளர இரண்டு மாதம். அதுவரை காத்திருக்க முடியாது என்று தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அன்று எடுக்காவிட்டால் இயக்குநரின் முதல் படத்துக்கு இடைவேளை இல்லை.

காலையிலிருந்தே ஒரு சின்னத் தகராறு. பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள், தறிக்குப் பக்கத்தில் ஒரு கத்தியை வைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து பார்த்தால் கத்தி இருக்காது. மூன்று முறை இப்படி ஆயிற்று. நான்காவது முறை கோமளா கத்தியும் கையுமாகப் பிடிபட்டார்.

“அம்மா, அது ஷூட்டிங் கத்திம்மா.”

“எங்க வூட்டு கத்தி மாரியே கீதுன்னு எட்தும்போய் வெச்சேன். தறிகிட்ட கத்தி இன்னாத்துக்கு?”

அந்த ஆள் சொல்லிவிட்டார். அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் காட்சி என்ன என்று நாங்கள் சொல்லியிருக்கவில்லை. அப்பா மகள் சண்டை என்று மட்டும் சொல்லியிருந்தோம்.

ஏகாம்பரம் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கோமளா போய் ஏதோ சொன்னார். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்து, மிதியில் காலை வைத்துக்கொண்டார். வேலை நேரம் போல.

“இன்னாங்க, பாவ அறுக்கப் போறதா சொல்றாங்க?”

தயாரிப்பு மேலாளர் முன்னால் வந்தார். “அதுக்கு ஈடு குடுத்துடறோம் அண்ணே.”

“ஈடு யாருக்கு குடுப்பீங்க? பாவு எனுது இல்லீங்க. மொதலாளி குட்த்த பாவு. நான் நெய்ஞ்சி குட்த்தா கூலி. இந்த ஊர்ல எவன் தறிலயும் கீற பாவு அவன்து கெடையாது.”

நான் கலைஞனாக மாறினேன். “அண்ணே, அந்தப் பாத்திரம் கோபத்தில் தன்னை மறந்துவிடுகிறது. அந்த நிமிஷத்தில் யாருடைய பாவு என்றெல்லாம்…”

ஏகாம்பரம் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“கோவம் அவன்துங்க. பாவு மொதலாளிது. அவன்து கோவத்துக்கு மொதலாளி பாவ அறுப்பானா?”

சமையலறை வாசலிலிருந்து கோமளா எனக்காக அதை எளிமைப்படுத்தினார்.

“பொண்டாட்டி மேல கோவம்னா டிரைவரு பஸ்ஸயா சார் கொளுத்துவாரு?”

மேலே விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த லைட்மேன் சிரித்துவிட்டார். நீங்கள் எழுதிய சோகக் காட்சியைக் கேட்டு லைட்மேன் சிரித்தால், அவரோடு வாதம் செய்யாதீர்கள். அவர் உங்களைவிட அதிகம் படம் பார்த்தவர்.

ஆனாலும் நான் வாதம் செய்தேன். வேறு நூலைக் கட்டி அறுக்கலாமே என்றேன். புதுப் பாவைத் தறியில் ஏற்றி, இழை இழையாகப் பிணைக்க எத்தனை நாள் ஆகும் என்று ஏகாம்பரம் சொன்னார். பக்கத்துத் தெருவில் வேறு தறி பார்க்கலாமா என்று மேலாளர் கேட்டார்.

“பாருங்க. அவங்களும் இத்தான் சொல்லுவாங்க. நாளைக்கி ஆரணில படம் ஓடும் சார். எவன் தறின்னு பாத்தாலே தெரிஞ்சிடும். ஏகாம்பரம் தறில பாவ அறுத்தாங்கன்னு பேராச்சின்னா, அப்புறம் எனுக்கு எவன் பாவு குடுப்பான்?”

அப்போது மணி இரண்டு. பெரிய நடிகர் ஒன்றரைப் பக்க வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கோபத்தைச் சிந்தாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“சார், ஆறு மணிக்குத் தாடி போயிடும். நாவல்ல இந்த இடத்துல என்ன சார் இருக்கு?”

உண்மையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் எனக்கு அமைந்திருக்க முடியாது. நான் சொன்னது: “பெருசா ஒண்ணும் இல்லம்மா. மௌனம்தான்.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்து கூடத்துக்குப் போய்த் தறிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார்.

“அண்ணா, உங்க பொண்ணு வந்து இப்படிச் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“எனுக்கு பொண்ணு இல்லீங்களே மேடம். ரெண்டும் பசங்க.”

“சரி, ரொம்பக் கோபம் வந்தா?”

“எனுக்கு கோவமே வராதுங்க.”

சமையலறையில் கோமளா சிரித்தார். “வரும் மேடம். வாய்ல வராது, பலகைல வரும்.”

பலகை என்பது தறியில் ஒவ்வொரு ஊடை நூலும் குறுக்கே போன பிறகு, அதை அடித்து நெருக்க நெசவாளர் தன் பக்கம் இழுக்கிற கட்டை. தறிச் சத்தம் என்று தெருவில் கேட்பது பெரும்பாலும் அதுதான்.

“நான் உள்ள சமைச்சிகினு இருப்பேன்” என்றார் கோமளா. “டக்கு டக்குன்னு வந்துகினே இருக்கும். திடீர்னு தம்மு தம்முன்னு வரும். சரி, இன்னாவோ ஆயிப்போச்சி, இன்னிக்கி ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு கொழம்புல உப்பு பாத்து போடுவேன். சாயந்தரம் துணிய தடவிப் பாத்தா அந்த எடம் மட்டும் நெருக்கமா கெட்டியா இருக்கும். மொதலாளிக்கும் தெரிஞ்சிடும். மடிக்கும்போதே கேப்பாரு, இன்னா ஏகாம்பரம், வூட்ல சண்டையான்னு.”

“அது எப்பவோ ஒரு வாட்டி” என்றார் ஏகாம்பரம்.

“எட்டு வாட்டி.”

இயக்குநர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அதற்குள் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தேன். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் கையில் ஏதாவது அசைந்தால் நல்லது.

மகள் சொல்கிறாள். அப்பா பதில் சொல்லவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை, நெய்துகொண்டே இருக்கிறார். பலகைச் சத்தம் மாறுகிறது. உள்ளே அம்மாவின் கை நிற்கிறது. மகள் போய்விடுகிறாள். அம்மா வந்து துணியைத் தடவிப் பார்க்கிறாள். இடைவேளை. அவ்வளவுதான் காட்சி.

பெரிய நடிகரிடம் போய்ச் சொன்னோம். “அப்ப என் வசனம்?” என்றார். இயக்குநர், “இல்லை சார்” என்றார். “அப்ப எனக்கு இதுல என்ன வேலை?” “அவ சொல்றதைக் கேட்கணும் சார்.” அவர் வசனத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது படத்திலும் துருத்திக்கொண்டு தெரியும்.

அவர் படப்பிடிப்புக்கு முன்பே பத்து நாள் தறியில் பழகியிருந்தார் என்றாலும் பட்டில் அடிக்கிற கை வரவில்லை. அதனால் முகம் அவருடையது, கைகள் ஏகாம்பரத்துடையவை என்று முடிவாயிற்று. ஏகாம்பரம் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. “ரெண்டு வெரல் அகலத்துக்கு மேல கெடுக்க மாட்டேன். அப்புறமா அந்த ஊடைய உருவிட்டு மறுபடி நெய்வேன். ஊடைய உருவலாம். பாவுதான் தொடக் கூடாது.”

அப்பாவின் சட்டையைப் போட்டு உட்கார வைத்தோம். கேமரா அவர் கைக்கு அருகே வந்தது. ஓடியது. டக்கு, டக்கு, டக்கு. கடிகாரம் போல.

“கோபமா அடிங்க அண்ணா.”

“கோவமாதான் மேடம் அடிக்கறேன்.”

டக்கு, டக்கு. முப்பது வருஷமாகச் சீராக அடித்த கைக்குச் சீரில்லாமல் அடிக்கத் தெரியவில்லை. நான்கு முறை எடுத்தோம். நான்கும் ஒரே மாதிரி, அழகாக வந்தன. மணி நான்கே முக்கால். நான் போய், பாத்திரத்தின் மனநிலையை அவருக்கு விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, முன்னைவிடச் சீராக நெய்தார்.

ஐந்தாவது முறை ஓடிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. யாரிடமும் சொல்லாததுபோல.

“காலைல என் தம்பி போன் பண்ணான். படவேடு கோயிலுக்கு போவணுமாம். மறுபடியும் வண்டி வேணுமாம்.”

தம். தம். தம்.

கோமளாவின் தம்பி அந்த வண்டியைப் போன முறை எந்த நிலையில் திருப்பிக் கொடுத்தார் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். இயக்குநர் அசையவில்லை. ஒலிப்பதிவு செய்பவர் கட்டைவிரலை மட்டும் உயர்த்தினார்.

சுவரோரம் நின்று கேட்ட பெரிய நடிகர் முகத்தில் எதுவோ இறங்கியது. அடுத்து அவர் தறியில் உட்கார்ந்தார். மகளாக நடித்த பெண் வந்து தன் வரியைச் சொன்னாள். அவர் கேட்டார். ஒரே முறைதான் எடுத்தோம். ஐந்து ஐம்பதுக்குக் காட்சி முடிந்தது. ஆறேகாலுக்குத் தாடி இல்லாமல் வேனிலிருந்து இறங்கி விடைபெற வந்தவரிடம் கோமளா, “யாருங்க வேணும்?” என்று கேட்டார்.

நாவலாசிரியர் ஐந்து மணிவாக்கில் வந்திருந்தார். ஆரணியிலேயே அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மானிட்டரில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு நெஞ்சு விரிந்தது. பக்கத்தில் போய்ப் பணிவாகச் சொன்னேன்: “மன்னிக்கணும் சார். இது உங்க நாவல்ல இல்லாதது. படத்துக்காக நாங்களா சேர்த்தோம்.”

“அப்படியா?” என்றார் அவர். “நல்லா வந்திருக்கு.”

சில வாரம் கழித்து வீட்டில் பெயின்ட் அடிக்க என் எழுதும் மேசையை நகர்த்தினோம். அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு அண்டக் கொடுத்திருந்ததை என் மனைவி எடுத்துத் தூசி தட்டி நீட்டினாள்.

“இதைத்தானே ஆறு மாசமா தேடினீங்க?”

ரப்பர் பேண்ட் இற்றுப் போயிருந்தது. முழுத் திரைக்கதையையும் நான் மூன்றாம் கட்டின் மேல் மேசையை நிறுத்தித்தான் எழுதியிருக்கிறேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து படித்தேன். முதல் சில பக்கங்களிலேயே இருந்தது. அப்பா பேசவில்லை. பலகைச் சத்தம் மாறியது. சாயந்தரம் அம்மா துணியைத் தடவி, விரல்களாலேயே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். நாங்கள் ஒன்பதாவது நாள் மாலை வேர்க்க வேர்க்கக் கண்டுபிடித்ததை நாவலாசிரியர் நிதானமாக மூன்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.

அவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், பிளேடு உட்பட.

“விடுங்க சார்” என்றார். “அன்னைக்கு நீங்க இல்லைன்னு சொன்னதும் நானும் இல்லைன்னுதான் நெனச்சேன். வூட்டுக்கு வந்து ஒரு சந்தேகத்துல தேடிப் பார்த்தேன். இருந்துச்சு. எனக்கே ஆச்சரியமா போச்சு.”

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்ல? பெரிய நாவலைப் படமாக்கும்போது வெட்டத்தான் வேண்டும். ஐந்தில் நாலு பங்கு போகும். அதற்காக யாரும் அழ வேண்டாம். ஆனால் படித்துவிட்டு வெட்டுவது ஒன்று, படிக்காமல் வெட்டுவது வேறு. எதை வெட்டினோம் என்று தெரிந்தவனுக்கு இக்கட்டு வரும்போது எதைத் திரும்ப எடுக்கலாம் என்றும் தெரியும். என்னிடம் திரும்ப எடுக்க ஒன்றும் இல்லை; கோமளா எடுத்துக் கொடுத்தார். எல்லாப் படப்பிடிப்பிலும் சமையலறையில் ஒரு கோமளா இருப்பார் என்று நம்பித் தொழில் செய்யாதீர்கள்.

இன்னொன்று. கோபத்தில் எதையாவது உடைக்கிற காட்சி எழுதத் தோன்றினால், உடைகிற பொருள் யாருடையது என்று முதலில் கேளுங்கள். எனக்குத் தெரிந்து பாதிக் காட்சிகள் அந்தக் கேள்வியைத் தாங்குவதில்லை. நம்மைப் போன்றவர்களுக்குத்தான் உடைக்கச் சொந்தமாகத் தட்டுமுட்டுச் சாமான்கள் இருக்கின்றன.

படம் ஓடியது. நிறைய நாள் இல்லை. ஆனால் இடைவேளைக் காட்சியைப் பற்றிப் பேசினார்கள். இயக்குநருக்கு இரண்டாவது படம் கிடைத்தது. அதற்கு அவர் எனக்குப் போன் செய்யவில்லை.

ஆரணியில் படம் வெளியான முதல் ஞாயிறு நானும் போயிருந்தேன். பலகைச் சத்தம் மாறியபோது தியேட்டரில் பெண்கள் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. என்ன நடக்கிறது என்று யாரும் யாருக்கும் விளக்கவில்லை. திரைக்கதைக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? முடிந்ததும் வெளியே வந்து, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஏகாம்பரத்தையும் கோமளாவையும் பிடித்தேன். இதை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

“எப்படி அண்ணே, அந்த இடம்?”

“படம் நல்லாதான் சார் கீது.” ஏகாம்பரம் வண்டிச் சாவியைத் தேடினார். “ஆனா கைய பாத்ததும் எங்க தெருவே கத்துது, ஏகாம்பரம் வெரலுன்னு. இந்த கட்டவெரல் நகம் ஒடஞ்சது ஊருக்கே தெரியும். இன்டர்வெல்ல மொதலாளி வந்து கேக்கறாரு. இன்னாப்பா ஏகாம்பரம், அவ்ளோ பெரிய ஸ்கிரீன்ல நெசவு ஏறி எறங்கி போவுது, இப்பல்லாம் இப்டித்தான் நெய்றியான்னு.”

“ஊடைய உருவிட்டாருன்னு நான் சொன்னேன்” என்றார் கோமளா. “யாரு கேக்கறாங்க?”

ஏகாம்பரம் வண்டியைத் திருப்பினார். கோமளா பின்னால் ஏறி உட்காரும் வரை பொறுத்திருந்துவிட்டு, என்னைப் பார்த்து, வருத்தமில்லாமல் சொன்னார்:

“இதுக்கு நீங்க அன்னிக்கி பாவையே அறுத்துகினு போயிருக்கலாம் சார்.”